காங்கிரஸ்மேன் பத்து லட்சம் டாலர் "கேட்டிருக்கிறார்" என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் எங்கள் ஊர் காங்கிரஸ் உறுப்பினர், எங்கள் ஊரின் பழைய குடிநீர்க் குழாய்களை மாற்ற 10 லட்சம் டாலர் கேட்டிருப்பதாகத் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறார். இது இந்தியாவின் எம்.பி. தொகுதி நிதி மாதிரியா? பணம் எப்போது வரும்? எங்கள் தமிழ்ப் பள்ளிக்குக் கட்டடம் கட்டவும் இப்படிக் கேட்கலாமா?"

"கேட்டிருக்கிறார்" என்ற சொல்லை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சின்ன டவுன்ஷிப் (ஊராட்சி மாதிரி உள்ளாட்சி) அலுவலகத்தில் கிராண்ட், அதாவது மானிய விண்ணப்பங்கள் எழுதும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இந்த அறிவிப்பு வந்த மறுநாளே யாராவது ஒருவர் கவுன்ட்டருக்கு வந்து, பணம் வந்துவிட்டதாமே, எங்கள் தெருவில் எப்போது தோண்டப் போகிறீர்கள் என்று விசாரிப்பார். எல்லாம் கூடி வந்தால் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று சொன்னால், ஏதோ நான்தான் பணத்தை அமுக்கி வைத்திருப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

எம்.பி. நிதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் ஒவ்வொரு எம்.பி.க்கும் வருடத்துக்கு 5 கோடி ரூபாய் என்று கணக்கு உண்டு. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் பார்த்து அனுமதி கொடுக்கும். அமெரிக்காவில் எந்த உறுப்பினர் பெயரிலும் அப்படி ஓர் உண்டியல் கிடையாது. சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து காசு எடுக்கக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் தெருக் குழாய்க்குப் பணம் வர வேண்டுமானால், நாடு முழுமைக்குமான வருடாந்தர நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு சேர்ந்த பட்டியலில் உங்கள் ஊரின் பெயர் ஏற வேண்டும். உங்கள் ஆள் கேட்டால் மட்டும் போதாது. பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு சபைகளிலும் அந்த மசோதா நிறைவேறி, அதிபரின் கையெழுத்தும் விழ வேண்டும்.

அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள், பொழுது போகும். சட்டத்தின் உள்ளே "விளக்க அறிக்கையில் உள்ள அட்டவணைப்படி" என்கிற மாதிரி ஒரு வரிதான் இருக்கும். அட்டவணை தனியே பக்கம் பக்கமாக ஓடும். ஒரு வரிசையை எடுத்தால் எந்தத் துறை, அதில் எந்தக் கணக்கு, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, பிரதிநிதிகள் சபையில் கேட்டவர் யார், செனட்டில் கேட்டவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரே வேலையை உங்கள் பிரதிநிதியும் இரண்டு செனட்டர்களும் சேர்ந்து கேட்டிருந்தால் மூன்று பெயரும் நிற்கும். எங்கள் ஊர் முதல் தடவை அதில் ஏறியபோது அந்த ஒற்றை வரியை அச்செடுத்து மேயர் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்தார்.

இதற்கு ஊரறிந்த பெயர் இயர்மார்க். ஆட்டுக் காதிலிருந்து வந்த சொல். கிடை ஆடுகளில் தன்னுடையது எது என்று தெரியக் காதில் அடையாள வெட்டுப் போடுவார்களே, அதேதான். பொதுப் பணத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் இது இன்னாருக்கு என்று காதில் வெட்டு. இன்றைக்கு அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரதிநிதிகள் சபையில் "சமூகத் திட்ட நிதி" என்றும், செனட்டில் "காங்கிரஸ் வழிகாட்டிய செலவு" என்றும் பெயர் மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்பது தெரிந்தால்தான் இப்போதைய விதிகள் ஏன் இவ்வளவு கெடுபிடியாக இருக்கின்றன என்பது புரியும்.

2005-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டத்தில் அலாஸ்காவின் கெச்சிகன் ஊரையும் எதிரே இருக்கும் கிராவினா தீவையும் இணைக்க ஒரு பாலத்துக்கு 22.3 கோடி டாலர் எழுதியிருந்தார்கள். தீவில் குடியிருந்தவர்கள் சுமார் 50 பேர். ஊருக்கான விமான நிலையம் அந்தத் தீவில்தான் இருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களின் நியாயம். ஆனால் "எங்கும் போகாத பாலம்" என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டபிறகு நியாயம் யார் காதில் ஏறும்? அந்தப் பணத்தை வெட்ட வேண்டும் என்று ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் கொண்டுவந்த திருத்தம் 15-க்கு 82 என்று தோற்றது. அப்படி வெட்டினால் பதவியையே விட்டுவிடுவேன் என்று அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் சபையில் கொந்தளித்தார். 2007-இல் மாநில அரசே பாலத்தைக் கைவிட்டது.

அதே 2005-இல்தான் கலிபோர்னியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ராண்டி "டியூக்" கனிங்ஹாம் மாட்டினார். ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த வழியில் வேலை வாங்கிக் கொடுத்து, குறைந்தது 24 லட்சம் டாலர் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். காங்கிரஸ் முத்திரை போட்ட குறிப்புத் தாளிலேயே அவர் விலைப்பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஒப்பந்தத்தின் மதிப்பு, எதிர்ப்பக்கம் தனக்கு வர வேண்டியது, 1.6 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு 1.4 லட்சம் டாலர் பெறுமான படகு, அதற்கு மேல் போகப்போக ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் இத்தனை ஆயிரம் என்று. ஓட்டல் சுவரில் எழுதிப்போடும் பட்டியலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டு வருடம் நான்கு மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த இரண்டும் சேர்ந்து ஊரே பேசியபிறகு, கேட்பவர் பெயரை வெளியிட வேண்டும் என்று 2007-இல் விதி வந்தது. 2011-இல் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதால் சிபாரிசு நின்றுவிட்டதா? துறை அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், போனில் பேசினார்கள். முன்பு பட்டியலில் தெரிந்தது இப்போது கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பத்து வருடத்தைவிடப் பெயர் போட்டு வெளியிடும் இந்த முறையே தேவலை.

2021-இல் பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவராக இருந்த ரோசா டிலாரோவும், செனட்டில் பேட்ரிக் லேஹியும் இதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இலாபம் பார்க்கும் நிறுவனங்களுக்குக் கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் முதல் வருடம் 10 திட்டங்கள்தான் கேட்கலாம் என்று இருந்தது, பிறகு 15 ஆனது. செனட்டில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. மொத்தத் தொகை, காங்கிரஸ் ஆண்டுதோறும் தானே முடிவு செய்து ஒதுக்கும் "விருப்பச் செலவில்" 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிரதிநிதிகள் சபை பிற்பாடு தன் பங்கை அரை சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. கேட்கும் ஒவ்வொன்றையும் உறுப்பினர் தன் இணையதளத்தில் போட வேண்டும், தனக்கோ குடும்பத்துக்கோ இதில் காசு தொடர்பு இல்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். நீங்கள் பார்த்த அறிவிப்பு இந்த விதியின்படி வந்ததுதான். அதைச் சாதனை அறிவிப்பாக வாசித்தது நம் தவறு. அலுவலகங்களும் அப்படி வாசிக்கட்டும் என்றேதான் எழுதுகின்றன.

2024 நிதியாண்டுக்கு பிரதிநிதிகள் சபை இன்னொன்று சேர்த்தது: நினைவுச் சின்னம், அருங்காட்சியகம், தனிமனிதர் பெயர் தாங்கிய திட்டம் எதுவும் செல்லாது. நம்மூர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

2022 நிதியாண்டில் 4,963 திட்டங்களுக்குச் சுமார் 910 கோடி டாலர் போனது. அடுத்த ஆண்டு 7,200-க்கும் மேல், சுமார் 1,530 கோடி டாலர். எல்லோருக்கும் சமமாகப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். செனட் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் குடியரசுக் கட்சியின் மூத்த உறுப்பினராக இருந்த அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி, ஓய்வு பெறுமுன் வந்த அந்த 2023 நிதியாண்டுச் சட்டத்தில் தன் மாநிலத்துக்கு 60 கோடி டாலருக்கு மேல் வாங்கிப் போனார். பந்தியில் பரிமாறுகிறவர் நம்மவராக இருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்பார்களே. இன்னொரு பக்கம், கொள்கையாகவே ஒரு பைசா கேட்காதவர்களும் உண்டு. குடியரசுக் கட்சியில் பலர்; ஜனநாயகக் கட்சியில், 2025 ஜனவரி வரை பிரதிநிதிகள் சபையில் இருந்த கலிபோர்னியாவின் கேட்டி போர்ட்டர் அப்படித்தான். அப்படிப்பட்டவரின் தொகுதியில் குடியிருந்தால் செனட்டர் வாசல் ஒன்றுதான் மிச்சம்.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

குளிர்காலம் முடியும்போது, சில வருடம் அதற்கும் முன்பே, உறுப்பினர் அலுவலகம் ஒரு படிவத்தை வெளியிடும். கெடு பெரும்பாலும் மூன்று நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் திட்டத்தை யோசித்து, பொறியாளரைப் பிடித்து, மதிப்பீடு வாங்கி, கவுன்சில் தீர்மானம் போட்டு, ஆதரவுக் கடிதங்கள் திரட்டி முடிக்க யாராலும் முடியாது. ஜெயிக்கிற ஊர்கள் முந்தின வருடமே எல்லாவற்றையும் கோப்பில் போட்டு வைத்திருக்கும்.

எங்கள் குழாய் விண்ணப்பத்தைச் சொல்கிறேன். ஆறு அங்குல வார்ப்பிரும்புக் குழாய், நூறு வருடப் பழசு. எத்தனை சோகமாக எழுதினாலும் அது ஒரு பத்திதான் தேறியது. உறுப்பினரின் அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்த்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. போனில் மூன்றே கேள்வி கேட்டார். இது எந்தக் கணக்கில் வரும்? பணம் வந்தால் ஒரு வருடத்துக்குள் எவ்வளவு செலவழிப்பீர்கள்? மீதியை யார் போடுகிறார்கள்? குழாய் எத்தனை தடவை உடைந்தது என்று நான் தேதிவாரியாகத் தயாரித்த அட்டவணையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஆதரவுக் கடிதங்களில் நாலு கடிதம் வார்த்தை மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். மாதிரிக் கடிதம் அனுப்பியது நான்தான். அதன்பிறகு யாருக்கும் மாதிரி அனுப்புவதில்லை, இரண்டு வரியானாலும் சொந்தமாக எழுதுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்விதான் உயிர்நாடி. காங்கிரஸ் புதிதாக ஒரு பணப்பையைத் திறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் சில குறிப்பிட்ட கணக்குகளில்தான் பெயரை எழுத முடியும். குடிநீர், சாக்கடை என்றால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. சமுதாயக் கூடம், மலிவு வீடு என்றால் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை. சாலை என்றால் போக்குவரத்து, காவல்துறை ரேடியோ என்றால் நீதித்துறை. 12 துணைக்குழுக்கள் நிதி மசோதாக்களை எழுதுகின்றன. உங்கள் திட்டம் அவற்றில் ஒன்றின் கட்டத்துக்குள் பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல திட்டமானாலும் உறுப்பினரால் ஒன்றும் செய்ய முடியாது. 2024 நிதியாண்டுக்கு பிரதிநிதிகள் சபை சுகாதாரம், கல்வி, தொழிலாளர் மசோதாவை இந்த ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. அதை நம்பி மருத்துவமனைக் கருவிகளுக்குத் தயாராகியிருந்தவர்கள் கைபிசைந்து நின்றார்கள்.

மூன்றாவது கேள்வி பங்குத் தொகை. குடிநீர்க் கணக்கில் திட்டச் செலவில் குறைந்தது 20 சதவீதம் ஊர் போட வேண்டும். உங்கள் காங்கிரஸ்மேன் கேட்ட 10 லட்சம் முழுதாக வந்தால், ஊர் 2.5 லட்சம் எடுத்து வைத்து 12.5 லட்சம் டாலருக்கு வேலை நடக்கும். பட்ஜெட் கூட்டத்தில் இதைச் சொல்லும்போதுதான், இலவசம் என்றல்லவா நினைத்தோம் என்று கவுன்சிலர்கள் முகம் மாறும்.

உறுப்பினர் தனக்கு வந்த குவியலில் பொறுக்கி எடுத்து, வசந்த காலத்தில் குழுவிடம் கொடுப்பார். அன்றுதான் இணையதள அறிவிப்பு. கோடையில் துணைக்குழு தன் வரைவில் சேர்க்கும் அல்லது விடும். கேட்டதில் பாதி கொடுப்பதும் சகஜம். சேர்த்ததைக் கடைசி நேரத்தில் தூக்குவதும் நடக்கும். 2023 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் வே மையம் உட்பட பால்புதுமையினருக்கான (எல்ஜிபிடி) மூன்று திட்டங்களை, வரைவில் ஏற்கெனவே ஏறியிருந்தும், குழுவில் குடியரசுக் கட்சியினர் வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். மணிக்கணக்கில் ரகளை. பிறகு செனட்டோடு பேரம், பிறகு இறுதிச் சட்டம். அக்டோபர் 1-ஆம் தேதி புது நிதியாண்டு பிறக்கும், முடிகிற வருடத்தின் எண்தான் அதற்குப் பெயர்; 2022 அக்டோபரில் பிறந்தது 2023 நிதியாண்டு. சட்டம் அதற்குள் வந்திருக்க வேண்டும், ஆனால் தாமதமாகத்தான் வரும். 2022-க்கான சட்டம் மார்ச் 15-இல் கையெழுத்தானது, 2023-க்கு டிசம்பர் 29, 2024-க்கு மார்ச் மாதம்.

2025-க்கு? அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்த வருடம் இரண்டு சபைகளும் புதுச் சட்டம் எழுதாமல், பழைய ஒதுக்கீட்டையே ஏறக்குறைய அப்படியே நீட்டித்து 2025 மார்ச்சில் முடித்துவிட்டன. பட்டியல் இல்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்கள் கேட்டது ஒட்டுமொத்தமாக ஆவியானது. எங்கள் இரண்டாவது விண்ணப்பமும் அதில் போயிற்று. யாரும் நிராகரிக்கவில்லை, யார் மீதும் கோபப்படவும் வழியில்லை. 2026-க்கு மறுபடி படிவம் வந்தபோது தேதியை மாற்றி அதையே போட்டேன்.

குடிநீர்ப் பணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைப் பற்றி உறுப்பினர்கள் வாய் திறப்பதில்லை. மாநிலங்களுக்குக் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக மத்திய அரசு தரும் சுழல்நிதி ஒன்று உண்டு. மாநிலம் அதைக் குறைந்த வட்டிக்கு ஊர்களுக்குக் கடன் கொடுக்கும். திரும்பி வரும் பணம் அடுத்த ஊருக்குப் போகும். இயர்மார்க் பணம் இந்த நிதிக்கு மேல் கூடுதலாக வருவது கிடையாது, இதற்குள்ளிருந்துதான் எடுக்கிறார்கள். 2023 நிதியாண்டில் வழக்கமான ஒதுக்கீட்டில் பாதிக்கும் மேல் இப்படிப் பெயர் எழுதிய திட்டங்களுக்குப் போய்விட்டது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டத்தின் தனிப்பணம் வந்ததால் அப்போது வலி தெரியவில்லை. கடனாகப் போயிருந்தால் அந்த டாலர் மறுபடி மறுபடி சுழன்றிருக்கும்; மானியமாகப் போனால் ஒரே குழாயில் புதைந்துவிடும். எங்கள் ஊர் 10 லட்சம் வாங்கினால், வரிசையில் முன்னால் நின்ற, விண்ணப்பம் எழுத ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏதோ ஓர் ஊர் பின்னால் தள்ளப்படுகிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் விண்ணப்பம் எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் பக்கத்து டவுன்ஷிப் எழுதும்.

பட்டியலில் பெயர் வந்தபின் செக் வருவதில்லை. துறை ஒரு கடிதம் அனுப்பும், அதன்பின் ஒப்பந்தம், சுற்றுச்சூழல் ஆய்வு, அமெரிக்காவில் செய்த இரும்பும் எஃகும்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை, டெண்டர் விதிகள், தணிக்கை. பெரும்பாலும் ஊர் முதலில் செலவழித்து, பில்லைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஊரில் சமுதாயக் கூடத்துக்குப் பெயர் ஏறிய சந்தோஷத்தில், ஆய்வு முடியுமுன்பே பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஒப்புதலுக்கு முன்னால் தொட்ட வேலை என்பதால் சிக்கலாகி, அந்த வெற்று மனையில் இரண்டு கோடை புல் வளர்ந்தது. அங்கே கிராண்ட் பார்க்கிறவர் எனக்குப் பழக்கம். இப்போது எந்தக் கூட்டத்திலும் அவர் முதலில் சொல்வது, கையெழுத்து ஆகும்வரை கடப்பாரையைத் தொடாதீர்கள் என்பதுதான்.

இனி உங்கள் தமிழ்ப் பள்ளி. வரிவிலக்குப் பெற்ற லாபநோக்கற்ற அமைப்பு என்பது ஒரு தகுதிதான், ஆனால் அது மட்டும் போதாது. கட்டடம் என்றால் பொதுவாக வீட்டுவசதித் துறையின் கணக்கில்தான் வர வேண்டும். 2025 நிதியாண்டுக்கு, டாம் கோல் தலைமையில் பிரதிநிதிகள் சபைக் குழு அந்தக் கணக்கில் லாபநோக்கற்ற அமைப்புகளே கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. செனட் அப்போது அதைச் செய்யவில்லை. செனட்டர் வழியாகப் போனாலும், உங்கள் பள்ளி அமைப்பின் உறுப்பினர்களுடைய பிள்ளைகள் மட்டும் வாரம் ஒருநாள் படிக்கும் கட்டடத்துக்கு ஏன் பொதுப் பணம் என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். மேடைக்கு ஒருவர் பெயர் வைப்பதாக வாக்குக் கொடுத்து நன்கொடை வாங்கியிருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் தனிக் கட்டடத்தை இந்த வழியில் கேட்காதீர்கள். உங்கள் டவுன்ஷிப்போ கவுன்டியோ ஒரு சமுதாயக் கூடம் கட்டவோ புதுப்பிக்கவோ பேசிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டங்களுக்குப் பத்துப் பேர் தவறாமல் போங்கள். சனிக்கிழமை காலை வகுப்புக்கு இடம், முதியோருக்கு ஒரு நேரம், சீன, ஸ்பானிய மொழிப் பள்ளிகளுக்கு ஒரு நேரம் என்று சேர்ந்து கேளுங்கள். நிலம் ஊருடையது, விண்ணப்பம் ஊருடையது, தலைவலியும் ஊருடையது. உங்களிடமிருந்து வேண்டியது ஆதரவுக் கடிதம். அதுவும் அவரவர் சொந்த வார்த்தையில்.

குழாய் விஷயத்துக்கு: உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தை ஜனவரியிலேயே கூப்பிட்டு, சமூகத் திட்ட நிதியைப் பார்க்கிறவர் யார் என்று பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருடம் கேட்டது எந்தக் கணக்கில், குழுவின் வரைவில் ஏறிவிட்டதா, எவ்வளவுக்கு ஏறியது என்ற மூன்றையும் விசாரியுங்கள். பிறகு உங்கள் டவுன்ஷிப் நிதி அலுவலரிடம், அந்த இரண்டரை லட்சத்தை எந்த வருட பட்ஜெட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் விழித்தால், உங்கள் தெருவில் இப்போதைக்குத் தோண்டமாட்டார்கள்.